பக்கத்து இருக்கைக்காரர் வாங்கிய ஜெர்மன் கார்

டிரைவிங் மாஸ்டர் இருபத்திரண்டு வருடமாக ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அதாவது, இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டாதவர். பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதிப்பதுதான் தொழில். அப்படிப்பட்டவருக்கு ஜெர்மன் கார் மேல் தீராத ஆசை.

பழைய கார்க் கடையில் இரண்டு கார்கள் அவர் கண்ணில் பட்டிருந்தன. ஒன்று, சீறிப் பாயும் சிவப்புக் கார். மற்றது, ஒரு கம்பெனி அதிகாரி வைத்திருந்த சாம்பல் நிறப் பெரிய கார். விலை ஒன்றுதான். இஞ்சின், மைலேஜ், டிக்கி என்று ஒப்பிட்டு ஒரு நோட்டே தீர்ந்தது. மனசு மட்டும் எந்தப் பக்கமும் சாயவில்லை. “வேற பார்ட்டி கேக்குறாங்க சார், இன்னைக்கே சொல்லிடுங்க” என்றார் கடைக்காரர்.

மனைவியோடு போய்ச் சிவப்பை ஓட்டிப் பார்த்தார். வேகம் இருபதைத் தாண்டவில்லை. சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்து முந்திப்போனார்.

“இதுக்கு ஜெர்மனியில இருந்து கார் வரணுமா? இறங்குங்க, நான் ஓட்டுறேன்” என்றாள் மனைவி. அவருடைய முதல் மாணவி அவள்தான்.

அவள் பறந்த பறப்பில், இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சாம்பல் நிறத்தையும் அவளே அதே வேகத்தில் ஓட்டினாள். ஆனால் அதன் இருக்கை அவரை அப்படியே தாங்கிக்கொண்டது. நாலாவது திருப்பத்தில் கால் தானாக ஓய்ந்தது; ஆறாவதில் கொட்டாவி வந்தது.

“இதுதான்” என்றார்.

“இஞ்சின் எப்படி சார்?” என்றார் கடைக்காரர்.

“அதை அவகிட்ட கேளுங்க. எனக்கு சீட் பிடிச்சிருக்கு.”