எதிரிக்கு மட்டும் குழம்பு

எங்கள் ஏரித்துறையில் மீனைப் புகைபோட்டு விற்கும் பெண்களில் அக்பெனேக்குத்தான் கோபம் அதிகம். கணவனைப் படகோடு ஏரி கொண்டுபோன பிறகு, ஒற்றை மண்ணடுப்பை வைத்து இரண்டு பெண்களை ஆளாக்கியவள். கோபம் இல்லாமல் அதெல்லாம் நடக்குமா?

காலையில் அடுப்பு மூட்டும் முன் சபை கொடுத்த வேத நாட்காட்டியைப் பார்ப்பாள். அன்றைய வசனத்தை அன்றைக்கே செய்துவிட வேண்டும் அவளுக்கு. வியாழக்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் ஒவ்வொருத்தியும் எழுந்து, எந்த வசனத்தின்படி நடந்தேன் என்று சொல்வது எங்கள் வழக்கம். நாங்களெல்லாம் எதையாவது முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். அவள் மட்டும் நிஜமாகவே செய்திருப்பாள்.

அவள் வயிற்றில் அடித்தவள் டெலாலி, பக்கத்து அடுப்புக்காரி. ஈ மொய்க்காமல் இருக்க அக்பெனே மீனுக்குப் பூச்சிமருந்து அடிக்கிறாள் என்று சந்தையில் வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். தலைநகர் அக்ராவிலிருந்து வரும் வியாபாரிகள் அக்பெனேயின் கூடைகளைத் தாண்டிப் போனார்கள். மூத்தவளின் நர்ஸ் படிப்பு பாதியில் நின்றது.

"அவ வாயாலேயே பொய்னு சொல்ல வைக்கிறேன் பாரு. அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது" என்றாள் என்னிடம்.

மழைக்காலத்தில் டெலாலி துறையில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். ஆக்கிப்போட வீட்டில் ஆளில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். அந்த வாரமே நாட்காட்டியில் அந்த வசனம் வந்தது: எதிரி பசித்திருந்தால் சாப்பாடு கொடு, அதனால் அவன் தலைமேல் நெருப்புத் தணல் குவியும்.

அக்பெனே கையிலிருந்த சூட்டுத் தழும்புகளைத் தடவிக்கொண்டாள். "தணலா? அது எப்படிச் சுடும்னு எனக்கா தெரியாது?"

அன்றே அக்ப்ளே களி கிண்டி, தன் மீனைப் போட்டு வெண்டைக்காய்க் குழம்பு வைத்தாள். குறுக்குவழி இருந்தும், உச்சி வெயிலில் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தை நடுவே போனாள்.

"யாருக்குக்கா குழம்பு?"

"என் எதிரிக்கு!"

டெலாலி சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"தலை எரியுதாடி?"

"இல்லையே. மீன் நல்லாருக்கு, இன்னொரு துண்டு போடு."

"தின்னு, தின்னு. எரியும்."

தினமும் இதே கதைதான். டெலாலிக்குக் கன்னம் உப்பியது. ஒவ்வொரு வியாழனும் அக்பெனே எழுந்து, "இந்த வாரமும் என் எதிரிக்குச் சாப்பாடு போட்டேன்" என்பாள். எல்லாத் தலையும் டெலாலியின் ஊன்றுகோல் பக்கம் திரும்பும். அவள் கூரையைப் பார்ப்பாள்.

ஒரு வியாழன், சட்டி விற்கும் யாவாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி டெலாலி, மருந்தடிச்ச மீனைத் தின்னு இப்படிக் கொழுத்திருக்கியே! என்ன மருந்துன்னு சொல்லேன், நானும் வாங்கிக்கறேன்."

சபையே சிரித்தது. டெலாலிக்கு வேர்த்துக் கொட்டியது. தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மருந்தெல்லாம் ஒண்ணுமில்ல. அவ கூடையைச் சுத்திக் கூட்டம், என் பக்கம் ஒரு ஈ காக்கா இல்ல. வயித்தெரிச்சல். பொய் சொல்லிட்டேன்."

"கேக்கல" என்றாள் அக்பெனே. "சந்தையில சொன்னப்போ தொண்டை நல்லாத்தானே இருந்துச்சு?"

"பொய்! நான் சொன்னது பொய்! போதுமா?"

"போதும்."

அடுத்த சந்தைக்குள் சேதி வியாபாரிகள் காதுக்கும் எட்டிவிட்டது; அக்பெனேயின் கூடைகளை மொய்த்தார்கள். அவள் விலையை ஏற்றினாள், அவர்களும் வாயை மூடிக்கொண்டு வாங்கினார்கள். மூத்தவளைத் திரும்பப் படிக்க அனுப்பினாள். அன்றைக்கு மதியம் குழம்புச் சட்டி சந்தை வழியே போகவில்லை.

வெயில் தாழ்ந்ததும் டெலாலி காலியான சட்டியோடு நொண்டி நொண்டி வந்தாள். நான் அங்கேதான் மீன் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன அக்பெனே, இன்னிக்குச் சாப்பாடு வரல?"

அக்பெனே நிமிர்ந்தாள். நான் பார்த்ததிலேயே அவள் மனம் குளிர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

"வசனம் எதிரிக்குத்தாண்டி போடச் சொல்லுது. நீதான் இப்போ எனக்கு எதிரியே இல்லையே."

சட்டியை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்புத் தணலைக் கிளறப் போனாள்.