ரிப்பன் கட்டாத மெஷின்

அந்தத் தையல் ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சட்டைக்குக் காலர் வைப்பது அவள் வேலை. சேர்ந்த புதிதில் காலர் பொண்ணு என்றார்கள், நாற்பதைத் தாண்டியதும் காலரக்கா ஆக்கிவிட்டார்கள். கணவன் லாரி ஓட்டியவன். ஒரு மலை வளைவில் வண்டியோடு போய்ச் சேர்ந்துவிட்டான். அதன்பின் வீட்டில் அவளும் கல்லூரிக்குப் போகும் மகளும்தான். அவள் மெஷின் நின்றால் வீட்டில் அடுப்பு நிற்கும், மகளின் படிப்பும் நிற்கும்.

காலரக்கா இயல்பிலேயே பயந்த சுபாவம். கேட்டில் வாட்ச்மேன் தொண்டையைச் செருமினாலே தன் பையைத் திறந்து காட்டிவிடுவாள். சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றால் அவளுக்கு முதுகு வியர்க்கும். வேலையில் மட்டும் குறை சொல்ல ஆளில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சட்டம் வந்தது. மாதவிடாய்க்கு மாதம் ஒரு நாள், சம்பளத்தோடு லீவு. நல்ல சட்டம்தான். டீவியில் பார்த்துவிட்டு மகள் கைதட்டினாள். லீவு போனவள் அன்றைக்குத் தைக்க வேண்டிய டார்கெட்டை அவள் உட்காரும் லைனின் கணக்கில் கழித்துவிட வேண்டும் என்றும் அதில் இருந்தது. அதுவும் நியாயம்தான். யாருக்குக் கழிப்பது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டாமா என்று ஆலை நிர்வாகம் யோசித்தது. எந்த மகராசன் மூளையில் உதித்ததோ, லீவு கேட்டவளின் மெஷின் விளக்கில் ஒரு ரோஸ் ரிப்பனைக் கட்டச் சொன்னார்கள். காலையில் வந்து சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் தன் கையால் ரிப்பன் கட்டுவார். பிறகு வீட்டுக்குப் போகலாம்.

பேப்பரில் சுற்றி, பைக்குள் பை போட்டு, கூடப்பிறந்தவனுக்கும் தெரியாமல் பெண்கள் மறைத்துவந்த சங்கதி இப்போது ஹால் நடுவே தொங்கியது. தைத்த சட்டைக்குப் பெட்டி போடும் அயர்ன் மேஜை ஆண்களுக்குக் கொண்டாட்டம். "இன்னிக்கு எத்தன கொடி ஏறியிருக்கு?" என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை எல்லா நாளும் சரியாகவே இருக்கும். அந்தக் கவனத்தைச் சட்டையின் மடிப்பில் வைத்திருந்தால் ஆலை எங்கேயோ போயிருக்கும்.

காலரக்காவின் மெஷினில் ரிப்பன் ஏறவே இல்லை. காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு அது நின்று ஒரு வருஷம் ஆகப்போகிறது. மகளிடம்கூடச் சொல்லவில்லை. நின்றுவிட்டது என்று தெரிந்தால் வயதாகிவிட்டது என்பார்கள். வயதானவர்களை நூல் வெட்டும் மேஜைக்கு அனுப்புவார்கள். அங்கே பாதிச் சம்பளம். அங்கே போனவர்கள் யாரும் மெஷினுக்குத் திரும்பியதில்லை, வந்த வழியே வீட்டுக்குத்தான் போனார்கள்.

ரிப்பன் இல்லாவிட்டாலும் ஆபத்துதான் என்பது பட்டன் மெஷின்காரிக்கு நடந்ததைப் பார்த்தபோது தெரிந்தது. புதிதாகக் கல்யாணம் ஆனவள். இரண்டு மாதம் அவள் மெஷினில் ரிப்பன் ஏறவில்லை. மூன்றாம் மாதம் அவளை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அடுத்த நாள் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். பிள்ளைப்பேற்று லீவு கொடுக்க வேண்டிவரும் என்று முன்கூட்டியே கணக்குத் தீர்த்துவிட்டார்களாம்.

அதற்கப்புறம் ஒருநாள் அயர்ன் மேஜையைத் தாண்டும்போது பின்னாலிருந்து பேச்சு கேட்டது.

"காலரக்காவுக்கும் கொடி ஏறலையே, ஏன்டா?"

"ஏறல. வீட்ல புருஷனும் இல்ல."

சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கால் தானாக நடந்தது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்தியபடி நின்றாள். வேலை போவது ஒரு பக்கம். இந்தப் பேச்சு தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து மகளின் கல்லூரிக்குப் போனால் என்ன செய்வாள்?

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை சூப்பர்வைசர் முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "எனக்கு இன்னிக்கு லீவு வேணும் சார்." அவர் ரிப்பனைக் கட்டினார். அயர்ன் மேஜை அடங்கியது. வீட்டுக்குப் போய்ப் பகல் முழுதும் படுத்தே கிடந்தாள். வராத வலிக்கு லீவு போட்டுவிட்டு, யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்களோ என்று ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை.

காலரக்கா காலரை அளந்து தைத்துப் பழகியவள். பொய்யையும் அப்படியே தைத்துவிட்டாள். அடுத்த மாதமும் முதல் திங்கள், அதற்கடுத்த மாதமும் முதல் திங்கள். அந்த மூன்றாம் முறை ரிப்பன் கட்டும்போது சூப்பர்வைசர் கேட்டார்.

"ஏம்மா, உங்க உடம்பு காலண்டர் பாத்துத்தான் வேலை செய்யுமா?"

அவர் வேறெதுவும் கேட்காமல் முடிச்சை இறுக்கிவிட்டு மேனேஜர் அறைக்குப் போனார். அவள் பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடப்பதற்குள் ஸ்பீக்கர் கரகரத்தது. இன்று ரிப்பன் கட்டியவர்கள் அனைவரும் நர்ஸ் அறைக்கு வர வேண்டும். பரிசோதனைக்குப் பிறகுதான் லீவு.

என்ன பரிசோதனை என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

ஐந்தாறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். காலரக்கா நடுவில். அவளிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. இவ்வளவும் தன்னால்தான் வந்தது, இந்தப் பிள்ளைகளையும் சேர்த்து மாட்டிவிட்டோம் என்று நினைத்தாள். ரத்தம் காட்டுவதற்காக விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. ஊசி மெஷினில் இருந்தது. மெஷினுக்கும் அவளுக்கும் நடுவில் மேனேஜர் நின்றார்.

முன்னால் போனவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்தது காலரக்கா.

நர்ஸ் சின்ன வயசுப் பெண். மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். காலரக்கா புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நர்ஸம்மா, நான் ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு..."

"ஒண்ணும் சொல்லாதீங்க," என்று நர்ஸ் கிசுகிசுத்தாள். "எதையும் காட்டவும் வேணாம். நான் யாரையும் பாக்கல. அந்தச் செவத்தப் பாத்துக் கொஞ்ச நேரம் நில்லுங்க, அப்புறம் போங்க."

காலரக்கா சுவரைப் பார்த்து நின்றாள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"மேனேஜருக்குத் தெரிஞ்சா உங்களத் திட்ட மாட்டாங்களா?"

"தெரிஞ்சா வேலை போயிடும்," என்றாள் நர்ஸ்.

வெளியே வந்தபோது மேனேஜர் வழியை மறித்தார். அயர்ன் மேஜை மொத்தமும் இந்தப் பக்கமே பார்த்தது.

"செக் பண்ணாங்களா?"

"பண்ணாங்க சார்."

"எல்லாரும் போன வேகத்துல வெளிய வர்றீங்க. அப்படி என்னத்தப் பாத்தாங்க?"

திக்கித் திணறினால் அந்த நர்ஸ் வேலையை இழந்து போய்விடுவாள். அவளோடு தானும் போக வேண்டியதுதான். கணவனிடம்கூட அவள் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"ரத்தத்தப் பாத்தாங்க சார். உள்ள கட்டியிருக்கறத எறக்கச் சொல்லி, அதுல இருந்த ரத்தத்தப் பாத்தாங்க. இன்னும் விவரமா சொல்லணுமா?"

குரல் பெரிதாக ஒன்றும் எழும்பவில்லை. ஆனால் அயர்ன் மேஜையில் ஒருவன் அயர்ன் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்து மறந்துவிட்டான், துணி தீயும் வாசனை வந்தது. மேனேஜர் செல்போனைப் பார்த்தபடி, "சரி சரி, போங்க," என்றார். பின்னால் வந்தவளிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டைத் தாண்டியதும் காலரக்கா சாலையோரக் கல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அடுத்த மாதம் அந்த அறையில் வேறொரு நர்ஸ் இருந்தாள். கையில் உறை மாட்டி, கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். யாரும் போகவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அந்த மாதம் முழுக்கவே ஒருத்தியும் லீவு கேட்கவில்லை. நம் ஆலையில் பெண்களுக்கு அந்த லீவே தேவைப்படவில்லை என்று மேனேஜர் மேலிடத்துக்குச் சொல்லிவிட்டாராம்.

ஹாலில் எந்த மெஷினிலும் ரிப்பன் இல்லாததால் காலரக்காவின் மெஷினை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. அவள் தப்பித்துவிட்டாள். பக்கத்து மெஷினில் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கும் பெண், உதட்டைக் கடித்து, அடிவயிற்றை மேஜை விளிம்பில் அழுத்தியபடி தைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. காலரக்கா அவள் பக்கமிருந்த குவியலில் பாதியை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். அதைத் தைக்கும்போதும் தான் தப்பித்ததில் அவளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவள் பயந்தாள்.