அடிக்குறிப்புக்குத் தகப்பனார் பெயர் எதற்கு?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், நான் சென்னையில் ஆனர்ஸ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கோடை விடுமுறைக்கு ராஜபாளையம் வந்திருந்தேன். விடுமுறை என்று பேர்தான், தலைக்கு மேல் வேலை. ஏதாவது ஒரு கிராமத்தைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டுரை நன்றாக அமைந்தால் முதல் வகுப்பு. முதல் வகுப்பு வந்தால் அதே கல்லூரியில் ட்யூட்டர் வேலை. புரொபசரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் நான் வேலைக்கே போய்விட்ட மாதிரிதான் பேச்சு.

அந்தப் புரொபசரிடம் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் அவர் அருமை தெரியும். யார் எதைச் சொல்லி நாம் எழுதினாலும், சொன்னவர் பெயர், ஊர், தேதி மூன்றும் அந்தப் பக்கத்தின் அடியிலேயே எண் போட்டு வரவேண்டும். முதலில் பெயர், அப்புறம் ஊர், கடைசியில் தேதி. என் சினேகிதன் ஒருவன் தேதியை முன்னால் போட்டுவிட்டான் என்று முழுக் கட்டுரையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். சொன்னவர் பெயர் இல்லாவிட்டால் அது ஆராய்ச்சி இல்லை, வதந்தி என்பார்.

நான் எடுத்துக்கொண்டது சேத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய்த் தண்ணீரை எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பது. கண்மாய்க்கு இரண்டு மடை. மேலமடைக்கு ஒரு முறை, கீழமடைக்கு ஒரு முறை என்று மாற்றி மாற்றித் திறப்பார்கள். தினமும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் வயலில் நிற்பவர்களை விசாரிப்பேன். ஒருத்தராவது நேராகப் பதில் சொல்ல வேண்டுமே. மேலமடையில் புதிதாக நிலம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர், கீழமடைக்குப் பாதித் தண்ணீர் கிடையாது என்று கோர்ட்டுக்குப் போயிருந்தார். இந்த நேரத்தில் வெள்ளைச் சட்டையும் பேனாவுமாக ஒருத்தன் வந்து, யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று எழுதிக்கொண்டால் யார்தான் வாயைத் திறப்பார்கள்?

கீழமடையில் ஒரு விவசாயி மட்டும் பேசினார். நாற்பது வயது இருக்கும். பேச உட்கார்ந்துவிட்டால் வெயில் ஏறுவதுகூடத் தெரியாது அவருக்கு. அவர் மனைவி அதற்கு நேர்மாறு. நான் போகும்போதெல்லாம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் பக்கத்திலேயே நின்று, என் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அவுக பேரை எதுக்கு எழுதுதிய?" என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

சொன்னவர் பெயரைப் போடாவிட்டால் நான் திருடியதாக ஆகிவிடும் என்று விளக்கினேன். அந்தம்மாள் நம்பின மாதிரி தெரியவில்லை.

"தகப்பன் பேரும் கேப்பியளோ?"

"அது வேண்டாம்மா. பேரு, ஊரு, தேதி போதும்."

"அப்பச் சரி. போன வருசம் ஒருத்தர் வந்து தகப்பன் பேரையும் சேத்து எழுதிட்டுப் போனாரு. பொறவு அந்தப் பேருக்குச் சம்மன் வந்துச்சு" என்றார். அவருடைய கொழுந்தனுக்கு வந்ததாம். ஏதோ வரப்புத் தகராறில் சாட்சியாம். நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் அந்த விவசாயி பெருமையாக ஒரு விஷயம் சொன்னார். மழை பொய்த்த வருஷம் ஒன்றில், மேலமடைப் பயிர் கருகுவதைப் பார்க்கச் சகிக்காமல், கீழமடைக்காரர்கள் தாங்களாகவே விட்டுக்கொடுத்து மூன்றில் ஒரு முறைதான் தண்ணீர் எடுத்தார்களாம். "எம்புட்டுச் சண்டை போட்டாலும் பயிரு சாகக்கூடாதுல்லா தம்பி" என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. என் கட்டுரைக்கு உயிரே இதுதான் என்று நினைத்தேன். பெயர், ஊர், தேதி எல்லாம் வரிசை பிசகாமல் அடியில் போட்டேன்.

எழுதி முடித்ததும் டைப் அடிக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிப்பவரிடம் கூலி பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு வக்கீல் வந்து தாள்களை எட்டிப் பார்த்தார். இரண்டு பக்கம் புரட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம பக்கத்துப் பிள்ளை ஆராய்ச்சி பண்ணுது, இதுக்குப் போய் கூலியா? என் குமாஸ்தா அடிச்சுத் தருவான் தம்பி, வாங்க" என்று கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். காபி வந்தது. இலையில் பால்கோவா வந்தது.

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். கடைக்காரர் சிரித்தால் எடைக்கல்லைப் பார்ப்பவன் நான். முன்பின் தெரியாத மனிதர் எனக்கு ஏன் இந்த உபசாரம் செய்ய வேண்டும்? இருந்தாலும் பால்கோவாவைத் தின்றேன். என்ன செய்வது, அது அப்படிப்பட்ட பால்கோவா.

மறுநாள் போனபோது என் கட்டுரையில் ஒரு பக்கம்கூட டைப் ஆகவில்லை. முழுவதையும் வக்கீல் படித்திருந்தார், அது மட்டும் தெரிந்தது. ஒரே ஒரு தாளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். எந்தத் தாள் என்று சொல்லவும் வேண்டுமா?

"எல்லாம் பிரமாதம் தம்பி. இந்த ஒரு குறிப்புதான் அரைகுறையா நிக்குது. வெறும் பேரு மட்டும் போட்டா எப்படி? தகப்பனார் பேரையும் கேட்டு எழுதிட்டு வாங்க. நீங்க நேர்ல கேட்டதுன்னு கீழ ஒரு கையெழுத்தும் போட்டிருங்க" என்றார்.

எங்கள் புரொபசர் கமாவுக்கும் புள்ளிக்கும் உயிரை வாங்குகிறவர். அவரே கேட்காத தகப்பனார் பெயர் இவருக்கு எதற்கு? வக்கீல் உள்ளே போன நேரம் பார்த்துக் குமாஸ்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "சாருக்குக் கண்மாய் விஷயத்தில் ரொம்ப ஈடுபாடோ?"

"பின்ன? மேலமடைக் கேஸே நம்மகிட்டதான இருக்கு" என்றார் அவர், கேஸ் கட்டுக்கு நூலைக் கட்டிக்கொண்டே.

அந்த நிமிஷம்தான் நான் எழுதிய வரியை வக்கீல் கண்ணால் படித்துப் பார்த்தேன். பஞ்சத்தில் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தது என்றா கோர்ட்டில் படிப்பார்கள்? கீழமடைக்கு மூன்றில் ஒரு முறைதான் பாத்தியதை, அவர்களில் ஒருவனே ஒப்புக்கொண்டான், இதோ பெயர், ஊர், தேதி என்று படிப்பார்கள். தண்ணீர் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் கீழமடையின் கடைசி வயல்களில் புல்கூட முளைக்காது. தகப்பனார் பெயரோடு சம்மன் அனுப்பி, நல்ல மனசோடு சொன்ன மனிதரைக் கூண்டில் ஏற்றி, அவர் வாயாலேயே அவர் வயலைக் கெடுக்கப் போகிறார்கள். சாட்சி நான்.

வக்கீல் திரும்பி வந்ததும், தகப்பனார் பெயரைக் கேட்டு வருகிறேன், கட்டுரையைக் கொடுங்கள் என்றேன். மற்றதை எடுத்துக்கொண்டு போங்கள், அந்தத் தாள் இங்கேயே இருக்கட்டும் என்றார்.

"அது முடியாது சார். இந்தக் குறிப்பு நீண்டால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். குறிப்பு இருக்கிற பக்கத்திலேயே முடிய வேண்டும். எண்ணெல்லாம் மாறிப்போகும். எங்கள் புரொபசர் வாங்கவே மாட்டார்" என்று ஆரம்பித்து மார்ஜின், கமா, வரிசை என்று புரொபசர் எனக்குச் செய்த இம்சையை எல்லாம் வக்கீலுக்குச் செய்தேன். மனிதர் கொட்டாவி விட்டார். நாளைக்கே வரவேண்டும் என்று சொல்லித் தாளைக் கொடுத்துவிட்டார். அந்தப் புரொபசரை நான் மனதார வாழ்த்தியது அன்றைக்கு ஒருநாள்தான்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எந்த ஊர் என்று கேட்டதற்குக்கூட நான் பதில் சொல்லவில்லை. வக்கீலின் ஆளாக இருந்தால்? ராஜபாளையத்தில் இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே சேத்தூர்ப் பக்கம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தம்மாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தார்.

"வேற எதுலயும் எழுதி வச்சிருக்கியளா?"

வயலில் அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்ட தாள் ஒன்று இருந்தது. பையிலிருந்து எடுத்தேன்.

"ஏட்டி, தம்பி படிப்பு போயிரும். செத்த நேரம் சும்மா இரு" என்றார் விவசாயி.

"தம்பிக்கு வேற படிப்பு கிடைக்கும். நமக்கு வேற கண்மாய் இருக்கா?"

இரண்டு தாளையும் நானே அடுப்பில் வைத்தேன். முழுவதும் கருகுகிற வரைக்கும் அந்தம்மாள் கண்ணை எடுக்கவில்லை.

வக்கீல் வீட்டுப் பக்கம் அப்புறம் நான் தலைகாட்டவே இல்லை. ஆனால் அந்தப் பகுதியை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. ஊரையும் வருஷத்தையும் மறைத்து, 'விட்டுக்கொடுத்த விவசாயி ஒருவர்' என்று மட்டும் அடியில் போட்டுக் கட்டுரையைக் கொடுத்தேன். புரொபசர் சிவப்புப் பென்சிலால் 'யார்?' என்று எழுதினார். நேரில் கூப்பிட்டும் கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. கற்பனை என்று முடிவு கட்டிவிட்டார். இரண்டாம் வகுப்புதான் வந்தது. ட்யூட்டர் வேலை வேறொருவனுக்குப் போயிற்று. நான் ஊரிலேயே பள்ளிக்கூட வாத்தியாராகச் சேர்ந்தேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

கேஸ் இழுத்து இழுத்து, கடைசியில் பழையபடி மேலமடைக்கு ஒரு முறை, கீழமடைக்கு ஒரு முறை என்றே தீர்ப்பாயிற்று. அந்த வருஷம் ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தில் அவர்கள் இருவரையும் பார்த்தேன். அந்தம்மாள் முதலில் என் கையைத்தான் பார்த்தார். பேனா இல்லை.

விவசாயி என் தோளைத் தொட்டு, "தம்பி, எங்கப்பா பேரு நீங்க கேக்கவே இல்லையே" என்று சொல்லி, தாமாகவே அந்தப் பெயரைச் சொன்னார். அந்தம்மாள் தடுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம் எத்தனையோ எழுதியிருக்கிறேன், எடுத்தது எங்கிருந்து என்று ஒவ்வொன்றுக்கும் அடியில் குறிப்பும் போட்டிருக்கிறேன். ஆனால் அன்று தேரடியில் என்னை நம்பிச் சொன்ன அந்த ஒரு பெயரை இதுவரை எந்தத் தாளிலும் எழுதியதில்லை, இந்தத் தாளிலும்தான்.