ஒரே தேதியில் பிறந்தவர்கள்

போன வாரம் இடவம் (நம் வைகாசி) முதல் தேதி, என் பிறந்தநாள். காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு இரண்டு தேங்காய் உடைத்தேன். ஒன்று எனக்கு. இன்னொன்று எங்கள் ஆபீஸ் குமாஸ்தா சிதம்பரத்துக்கு.

அவனுக்கு எதற்கு என்கிறீர்களா? அவனுக்கும் அன்றைக்குத்தான் பிறந்தநாள்!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். பஸ் டிக்கெட் நம்பரும் வீட்டு நம்பரும் ஒன்றாக இருந்தால் எனக்கு அன்று முழுக்க சந்தோஷம். டாக்டர் பெயரும் மருந்துக்கடைக்காரர் பெயரும் ஒன்றாக இருந்தால் பாதிக் காய்ச்சல் போய்விடும். நீங்களும் சும்மா இருப்பதில்லை — மாமனாருக்கும் மருமகனுக்கும் ஒரே நட்சத்திரம் என்று கார்டு எழுதிப் போடுகிறீர்கள். அதையெல்லாம் அச்சேற்றி, 'காரணமில்லாமலா இப்படி அமைகிறது?' என்று நான் ஒரு கேள்வியும் கேட்டு வைப்பேன்.

ஆபீஸில் லட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். சிதம்பரத்தைக் கூப்பிட்டு முதல் லட்டை அவன் கையில் கொடுத்தேன். பையன் நெளிந்தான்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிக்கப்படாது. அது எங்க ஹெட்மாஸ்டர் போட்ட தேதியாக்கும்."

"என்னது?"

"பள்ளிக்கூடத்திலே சேக்கச்சில அஞ்சு வயசு முழுசாத் திகையணும்லா? ஒவ்வொருத்தன் ஜாதகத்தையும் யாரு பாத்துக்கிட்டு இருப்பா? எல்லாருக்கும் இடவம் ஒண்ணுன்னு எழுதிட்டாரு. எங்க கிளாஸிலே முக்காவாசிப் பேருக்கு அன்னைக்குத்தான் பிறந்தநாளு. நான் நிஜத்திலே மார்கழிப் பிறப்பு சார்."

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் தேதியை நினைத்துப் பார்த்தேன். என் ஜாதகம் கரையானுக்குப் போய் எத்தனையோ வருஷமாகிறது. 'ஐப்பசி மழையிலே பொறந்தவன்டா நீ' என்று அம்மா சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஐப்பசி எங்கே, இடவம் எங்கே? என் சர்ட்டிபிகேட்டிலும் ஏதோ ஒரு ஹெட்மாஸ்டரின் பேனா புகுந்து விளையாடியிருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு தமாஷ். முடியவில்லை...

சிதம்பரத்துக்கு வேலை எப்படிக் கிடைத்தது என்று சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன வருஷம் எங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஒரு குமாஸ்தா இடம் காலியானது. கடைசியில் இரண்டு பேர் தேறினார்கள். ஒன்று சிதம்பரம். இன்னொன்று நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பெண், லில்லி தங்கம். இருவரையும் ஒரு பக்கம் டைப் அடிக்கச் சொன்னோம். சிதம்பரம் ரப்பரைத் தேய்த்துத் தேய்த்துக் காகிதத்தில் ஓட்டையே போட்டுவிட்டான். தங்கம் அடித்த பக்கத்தில் ஒரு அழிப்பு கிடையாது. தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றிலும் தப்பில்லாமல் கடிதம் எழுதினாள்.

"அப்பா இல்லை சார். அம்மைக்குக் கண்ணு சரியாத் தெரியாது. இங்கே வேலைன்னா சாயந்திரம் பஸ்ஸிலே வீட்டுக்குப் போயிடலாம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

மானேஜர் முடிவை ஹெட்கிளார்க்கான என்னிடம் விட்டுவிட்டார். "யாரை எடுக்கணும், பிள்ளே?"

சிதம்பரத்தின் சர்ட்டிபிகேட்டைப் பார்த்தேன். இடவம் ஒன்று! போதாததற்கு, என் அப்பா பெயரும் சிதம்பரம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. செத்துப்போன அப்பாவே பார்த்து அனுப்பிய பையன் என்று தோன்றிவிட்டது.

ஆனால் அதை மானேஜரிடம் சொல்ல முடியுமா?

"பெண்பிள்ளை சார். நாளைக்கே கல்யாணம் ஆச்சுன்னா விட்டுட்டுப் போயிடும்" என்றேன். மானேஜர் தலையை ஆட்டினார். வேலை முடிந்தது.

கவனியுங்கள் — மனசில் இருந்த காரணம் ஒன்று, வாயில் வந்த காரணம் வேறு. முதலாவதைப் பைத்தியம் என்று மன்னிக்கலாம். இரண்டாவதை என்னவென்று சொல்வது? இன்னொன்றும் சொல்கிறேன். இப்படி ஒற்றுமை தேடி அலைகிறவன் தனக்குப் பிடித்ததை மட்டும்தான் கண்டுபிடிப்பான். தங்கம் பிறந்தது எந்தத் தேதி என்று நான் பார்க்கக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய பழைய அப்ளிகேஷனில் இருந்த விலாசத்தைக் குறித்துக்கொண்டு நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினேன். எதற்கு? மன்னிப்புக் கேட்கத்தான்... அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

தங்கம் வீட்டில் இல்லை. அவள் அம்மா சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"பிள்ளைக்குப் பொன்முடி எஸ்டேட் ஆபீஸிலேயாக்கும் வேலை. மலையிலேருந்து பஸ்ஸு குறைவு. மாசத்துக்கு ஒருக்கத்தான் வருவா. அடுத்த வீட்டுக்காரி தண்ணி கோரித் தாறா, எப்படியோ போகுது. நீங்க ஆரு?"

இன்ஷூரன்ஸ் ஆபீஸ் என்றேன். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

"ஓர்டர் கொண்டு வந்தியளா சாரே? பிள்ளைய இங்கே எடுக்குதியளா?"

"இல்லேம்மா... சும்மா விசாரிச்சுட்டுப் போக வந்தேன்."

அவர் கேட்டார். "டைப்பிலே ஒரு தப்பும் வரல்லேன்னு சொன்னா. பின்னே எதுக்கு எடுக்கல்லேன்னு ரெண்டு நாளு சாப்பிடாமக் கிடந்தா. என்ன தப்பு சாரே?"

உண்மையைச் சொல்லத்தானே போனேன்? சொன்னது என்ன தெரியுமா?

"தப்பொண்ணும் இல்லேம்மா. பிறந்த தேதிதான்... ஒத்து வரல்லே."

"தேதியா?" அந்த அம்மாள் பதறிவிட்டார். "தேதி சரியாக்குமே சாரே. சபையிலே குடுத்த ஞானஸ்நானச் சீட்டு இருக்கே."

தடுப்பதற்குள் டிரங்குப் பெட்டியைத் திறந்துவிட்டார். புடவைகளுக்கு அடியில் கையை விட்டு, ஒவ்வொரு காகிதமாக விரலால் தடவிப் பார்த்து, ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"நல்லாப் பாருங்க. இதைக் காட்டித் திருத்தினா பிள்ளைய எடுத்துக்கிடுவாங்கல்லா?"

வாங்கிப் பார்த்தேன். மணிமணியான எழுத்தில் பிறந்த தேதி தெளிவாக இருந்தது. எங்கள் மூன்று பேரில் நிஜமான தேதி அவள் ஒருத்திக்குத்தான்.

"சரியாத்தான் இருக்கும்மா" என்று சீட்டை அவர் கையில் திரும்ப வைத்துவிட்டுப் படி இறங்கினேன். தப்பு என்னுடையது என்று கடைசிவரை சொல்லவில்லை. அங்கே சொல்லாததை இங்கே சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாளால் இதைப் படிக்க முடியாது — அந்தத் தைரியத்தில்தான்.