குளிசையும் இன்னொரு பிள்ளையும்

"இன்னொரு பிள்ளைக்கு ஆசை இருக்கோ அம்மா?"

முதல்முறை மருந்து ஏற்றுவதற்கு முன்பு டொக்டர் என்னிடம் கேட்ட கேள்வி இது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

மார்பிலிருந்த கட்டியை வெட்டி எடுத்துச் சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. மகள் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். "இந்த மருந்து சினைப்பையையும் தாக்கலாம். மாதச் சுகவீனம் நிக்கும். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. அதுதான் முதலே கேக்கிறன்" என்றார் டொக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "இவ தப்பினாக் காணும் டொக்டர், வேறை ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அன்பில் சொன்னதுதான். இருந்தாலும் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது.

காங்கேசன்துறைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மருந்து ஏற்றப் போய்வருவேன். அங்கிருந்த தாதி ஒருவர் எனக்கு எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லித்தந்தார். "உந்த மருந்துக்கு உடம்பிலை நல்ல கலம் கெட்ட கலம் எண்டு தெரியாது தங்கச்சி. கெதியா, வேகமாப் பெருகிறது எது எண்டுதான் பாக்கும். கான்சர் கெதியாப் பெருகும். மயிர்க்காலும் வாய்த் தோலும் குடலும் ரத்தம் ஊறுற இடமும் அப்பிடித்தான். அதுதான் எல்லாத்திலையும் அடி விழுகுது." ஏற்றும் மருந்து சிவப்பு நிறம். "சலம் சிவப்பாப் போகும், ரத்தமெண்டு பயந்திடாதையுங்கோ" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லியும் பயந்தேன். வீட்டுக்குப் போய்த் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "காய்ச்சல் வந்தால் இப்பிடி உடனை கோல் எடுங்கோ. மல்லித் தண்ணி குடிச்சுக்கொண்டு வீட்டில இருக்கிறேல்லை, நேரே இஞ்சை வாங்கோ. வெள்ளை அணு குறைஞ்ச நேரம் சின்னக் காய்ச்சலும் ஆளை விழுத்தும்" என்றார். அன்றிலிருந்து வெப்பமானியைத் தலையணைக்குக் கீழேயே வைத்திருந்தேன்.

கான்சர் வருத்தத்தை வெளியில் சொல்லவில்லை. "நாளைக்குப் பேத்திக்கு ஒரு சம்பந்தம் பேசேக்கை, தாய்க்கு இருந்ததாம் எண்டு சனம் கதைக்கும்" என்று என் அம்மா பயந்தார். முன்பள்ளிப் பிள்ளைக்குச் சம்பந்தம்! ஆனாலும் கேட்டு நடந்தேன். முடி கொட்டியதும் பொய்முடி வாங்கினோம்.

சனநெரிசலுக்குள் போக வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், வெள்ளிக்கிழமைகளில் பூசைக்கு ஆட்கள் வரமுதலே கோயிலுக்குப் போய் வெளிவீதியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். அந்த நேரத்துக்குப் பூக்கொண்டு வருகிறவர் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர்தான். எங்கள் ஊரில் ஒரு பெண் மாதத்தில் ஒரு வெள்ளி கோயிலில் காணப்படாவிட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. எல்லாருக்கும் விளங்கும். காணப்பட்டுக்கொண்டே இருந்தாலும் கவனிப்பார்கள் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஒருநாள் காலை அக்கா ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாயோடு குசினி வாசலில் வந்து நின்றார்.

"என்னடி, எனக்கும் ஒளிப்போ?"

"என்னக்கா?"

"மூண்டு மாதமா ஒரு வெள்ளியும் விடாமல் கோயிலுக்கு வாறாய். காலமை நீ சத்தி எடுக்கிற சத்தம் மதிலுக்கு அங்காலை எங்கடை வீடு வரைக்கும் கேக்குது. நான் மூண்டு பெத்தவள், எனக்குக் கணக்குத் தெரியாதோ? தலைமயிரும் நல்லாப் பொலிஞ்சு கிடக்கு. பெடியன்தான், சொல்லிப்போட்டன்."

அக்கா ஊறுகாயில் ஒரு துண்டை எடுத்து என் வாய்க்குள் வைத்தார். வாயெல்லாம் புண். புளியும் உப்பும் பட்டதும் கண்ணீர் கொட்டியது.

"அழாதை. முதல் மாதங்கள் உப்பிடித்தான் இருக்கும்."

நான் பொய்முடியைக் கழற்றிக் கையில் பிடித்தேன். அக்கா என் தலையைப் பார்த்தார். முடியைப் பார்த்தார். பிறகு என் நாடிக்குக் கீழே கையை ஏந்தி, "முதல் உந்த ஊறுகாயைத் துப்படி" என்றார்.

அதன் பிறகு அந்த அக்கா செய்ததை எழுதி முடிக்க முடியாது. உறைப்பும் புளியும் இல்லாத பால்கஞ்சி மதிலுக்கு மேலால் வரும். மருந்து ஏற்றும் நாட்களில் மகளைக் குளிப்பாட்டி, தலை வாரி இழுத்து, முன்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார். கேட்டவர்களுக்கெல்லாம் "அவளுக்கு அல்சர், வாய் அடங்கினால்தானே" என்று சொல்லி வைத்தார். படலையைத் தாண்டும்போது என்னை நிறுத்தி, "நில், வகிடு காதுக்குப் போயிட்டுது" என்று பொய்முடியை நேராக்கி அனுப்புவார். அவர் கணக்குப் பிழைத்திராவிட்டால் அந்த மாதங்களை நான் தனியாகத்தான் கடந்திருப்பேன்.

மருந்து ஏற்றி முடிந்ததும் வாயால் விழுங்கும் குளிசை தொடங்கியது. எனக்கு வந்தது பெண் ஹோர்மோனைத் தின்று வளர்கிற வகை. அந்த ஹோர்மோன் புற்றுநோய்க் கலத்தில் போய் உட்காருவதற்கு ஓர் இடம் உண்டாம். பஸ்சில் கைலேஞ்சி போட்டு இடம் பிடிப்பதுபோல, குளிசை முந்திப் போய் அந்த இடத்தைப் பிடித்துவிடும் என்று நான் விளங்கிக்கொண்டேன். டொக்டரிடம் சொன்னபோது, "கிட்டத்தட்டச் சரி. ஆனால் ஒவ்வொரு நாளும் போட வேணும்" என்றார். குறைந்தது ஐந்து வருடம்.

குளிசை சும்மா இருப்பதில்லை. நின்றாற்போல் நெஞ்சிலிருந்து முகம்வரை நெருப்பேறும், பின் வியர்த்துக் குளிரும். காலில் இரத்தம் கட்டலாம் என்று சொன்னதால் தினமும் இரண்டு கெண்டைக்காலையும் அமத்திப் பார்க்கிறேன். கர்ப்பப்பைத் தோல் தடிக்கலாம் என்பதால் வழக்கமில்லாத இரத்தப்போக்கு வந்தால் உடனே சொல்ல வேண்டும். இத்தனைக்கும் அந்தச் சின்னக் குளிசையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு நன்றிதான் வருகிறது. மகளின் பள்ளிச் சீருடையை நான் அயன்பெட்டியால் மினுக்குகிறேன். வேறொருவர் மினுக்கவில்லை.

போன வருடம் ஒரு வெள்ளி நான் கோயிலுக்குப் போகவில்லை. பின்னேரம் அக்கா மதிலால் எட்டிப் பார்த்தார்.

"காலமை காணேல்லை?"

"ஓமக்கா" என்றேன். அவர் முகம் முழுக்கச் சிரித்தார்.

மாதச் சுகவீனம் திரும்பி வந்ததோடுதான் டொக்டரின் பழைய கேள்வி திரும்பவும் உயிர்பெற்றது. இந்தமுறை அவர் விரிவாகச் சொன்னார். குளிசை போடும்போது கரு தங்கக்கூடாது, பிள்ளைக்குக் கூடாது. ஆகவே இப்போது கவனமாக இருக்க வேண்டும். விரும்பினால், தங்கள் கண்காணிப்பில் சில காலம் நிறுத்தி, உடம்பிலிருந்து மருந்து போகும்வரை பொறுத்து, பிள்ளை பெற்றபின் மறுபடி தொடங்கலாம். அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். "ஒரு பயமும் இல்லையெண்டு நான் எழுதித் தர ஏலாது. அவசரப்படாமல் யோசியுங்கோ" என்றார்.

யோசிக்கிறேன். கணவர், "எனக்கு நீரும் பிள்ளையும் இருந்தாக் காணும்" என்கிறார். ஆனால் அக்காவின் பேரன் வந்தால் என் கணவர்தான் கடைசிவரை தூக்கி வைத்திருக்கிறார். மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. "எல்லாருக்கும் தம்பி இருக்கு. எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்கிறாள். எனக்கும் ஆசை இருக்கிறது. அதை இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன். எழுதியவுடன், இருக்கிற பிள்ளைக்குத் தாய் இல்லாமல் செய்துவிடுவேனோ என்று அந்த வரியை வெட்டப் பார்க்கிறேன். நிறுத்தினால் பேராசையா, நிறுத்தாவிட்டால் கோழைத்தனமா என்று ஒரு நாளைக்கு ஒரு மாதிரித் தோன்றுகிறது.

இதை வாசிப்பவர்களில் என்னைப் போன்றவர்கள் இருப்பீர்கள். மருந்தைப் பற்றி நான் டொக்டரிடம் கேட்பேன். உங்களிடம் கேட்பது வேறு. குளிசையை நிறுத்திப் பிள்ளை பெற்றவர்களே, அந்த மாதங்களில் பயத்தை என்ன செய்தீர்கள்? ஒரு பிள்ளையோடு போதும் என்று இருந்தவர்களே, அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னீர்கள்? கணவன்மார் "காணும்" என்று சொல்லும்போது, அது அவர்களுடைய மனமா, எங்களுக்காகச் சொல்வதா என்று எப்படிக் கேட்டு அறிந்தீர்கள்? எழுதுங்கள். சின்னதாக எழுதினாலும் போதும்.