கேபிளில் ஏற்றிய படம் ரியாத்துக்கும் போனது

வெள்ளிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு என் போன் அடித்தது. ரியாத்திலிருந்து என் வீட்டுக்காரர். டூட்டி நேரத்தில் அவர் கூப்பிடுவதே கிடையாது.

“புள்ள, பக்கத்துல யாரும் இருக்காங்களா?”

“இல்ல மச்சான். என்ன?”

“பிள்ளைக படம் எதுவும் வந்திருக்கான்னு போட்டோவைத் தொறந்தேன். யாரோ ஒரு பொம்பளைப் பிள்ளை முதுகு வருது. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா. பக்கத்துல சீட்டு வேற, பேரு எழுதி. நான் மூடிட்டேன். என்ன இது?”

அது யாருடைய முதுகு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கிளினிக் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

1. சீட்டு

பேட்டையில் ஒரு பெண் டாக்டர் நடத்தும் தோல் கிளினிக்கில் ரெக்கார்டு பார்க்கிறேன். சிகிச்சைக்கு முன்னால் ஒரு படம், பிறகு மாதாமாதம் அதே கோணத்தில் ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துதான் டாக்டர் மருந்தை மாற்றுவார். படம் எடுக்கவென்றே கிளினிக்கில் ஒரு போன் உண்டு. அதில் சிம் கிடையாது, நெட் கிடையாது. படம் எடுத்ததும் கேபிள் போட்டு கம்ப்யூட்டரில் அந்த பேஷண்டின் ஃபோல்டரில் ஏற்றிவிட்டு, போனில் இருப்பதை அழித்துவிட வேண்டும். படங்கள் ஒன்றோடொன்று மாறிவிடாமல் இருக்க, பெயரும் ஓ.பி. நம்பரும் எழுதிய துண்டுச் சீட்டைத் தோலுக்குப் பக்கத்தில் வைத்து எடுப்போம்.

அன்று மதியம் அந்த போன் உயிரைவிட்டுவிட்டது. சார்ஜரை மாற்றி மாற்றிப் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. மேஜையில் ஒரு கல்யாணப் பெண் குப்புறப் படுத்திருந்தாள். அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். முதுகு முழுக்க வெண்புள்ளி. அடுத்த மாதம் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை; எப்போது, யாரிடம் சொல்வது என்று அவளே யோசித்துக்கொண்டிருந்தாள்.

“மூஞ்சி படத்துல விழக் கூடாது லாத்தா. ஆம்பளை யாரும் பார்க்கக் கூடாது. வாக்குக் குடுங்க” என்றாள், அக்கா முறை வைத்து. கொடுத்தேன்.

“உன் போன்லயே எடும்மா. கேபிள் போட்டு ஏத்திட்டு உடனே அழிச்சிரு” என்றார் டாக்டர்.

அப்படியே செய்தேன். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்து, பிறகு கேலரியில் அழித்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் மாதிரி இல்லாமல் முறையாகச் செய்தோம் என்று ஒரு திருப்திகூட இருந்தது.

நான் கேபிளைத் தேடி எடுப்பதற்குள், கிளினிக் வைஃபையில் படங்கள் தாமாகவே மேலே, நெட்டில் இருக்கும் என் போட்டோ அக்கவுண்டுக்கு, ஏறிவிட்டிருந்தன. எங்கள் வீட்டில் எல்லாருடைய போனுக்கும் ஒரே அக்கவுண்ட். “வாப்பாவுக்கு நம்ம படம் உடனுக்குடன் போகட்டும்” என்று மூத்த மகள் அப்படிப் போட்டு வைத்திருந்தாள். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் இது சகஜம். கேலரியில் அழித்தால் மேலே ஏறியது அழியாது என்பது எனக்குத் தெரியாது.

முகம் விழவில்லைதான். ஆனால் சீட்டில் அவள் பெயர் இருந்தது, அவள் வாப்பா பெயரும் இருந்தது.

2. ஊர் ரூம்

என் வீட்டுக்காரர் பார்த்ததோடு போயிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ரியாத்தில் எங்கள் ஊர் ஆட்கள் சேர்ந்து ஒரு ரூம் எடுத்திருக்கிறார்கள். அந்த ரூம் டிவியில் இவருடைய அக்கவுண்டைத்தான் போட்டிருக்கிறார்கள். டிவி சும்மா இருந்தால் எங்கள் வீட்டுப் படங்கள் ஒவ்வொன்றாக ஓடும். அன்று வெள்ளிக்கிழமை. அங்கே மணி இன்னும் இரண்டு ஆகவில்லை; ஜும்மா தொழுகை முடிந்து மற்றவர்கள் ரூமில் சாப்பிட உட்காரும் நேரம். அந்த ரூமில் ஒருவர், மாப்பிள்ளையின் கூடப்பிறந்த அண்ணன்.

“மச்சான்... டிவி” என்றேன்.

“யா அல்லாஹ்” என்று போனை வைத்துவிட்டார்.

டாக்டர் அறைக்கு ஓடினேன். உள்ளே இருந்த பேஷண்டை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “உன்னைச் சொல்லி என்ன? எடுக்கச் சொன்னவ நான்லா” என்று என் போனை வாங்கி, மேலே ஏறியிருந்த படங்களை அழித்தார். குப்பைத் தொட்டியிலும் போய் அழித்தார். அப்படி ஒரு இடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் திரும்பக் கூப்பிட்டார். “ரூமுக்கு அடிச்சி டிவி பிளக்கைப் புடுங்கச் சொல்லிட்டேன். கிரிக்கெட் ஓடிச்சாம். சாப்பிட உக்காரும்போது நிறுத்திட்டாங்களாம்.”

“அப்ப படம் ஓடியிருக்குமே?”

“கேட்டேன். ரூம்ல ஒரு சின்னப் பையன், ‘என்ன காக்கா, பிரியாணிய முன்னால வச்சிக்கிட்டு உங்க வீட்டு போட்டோவையா பார்ப்போம்’னு சிரிக்கான்.” எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்.

“மாப்பிள்ளைக்கு அண்ணன்?”

“அவனும் சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்தானாம். அதுக்கு மேல கேட்டா நாமளே காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும் புள்ள.”

3. சொன்னது

“யாரும் பார்க்கல மேடம். அந்தப் பிள்ளைகிட்ட எதுக்குச் சொல்லணும்?” என்று கெஞ்சினேன். வேலை போய்விடுமோ, தெருவில் எப்படித் தலைகாட்டுவது என்றுதான் என் யோசனை.

“பார்க்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு அந்த வீட்டுல இருந்து ஒரு வார்த்தை வந்தா, அந்தப் பிள்ளை ஒண்ணும் தெரியாம முழிச்சிக்கிட்டு நிக்கணுமா?” என்றார் டாக்டர்.

என் மூத்தவளுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். மேஜையில் அவள் படுத்திருப்பதாக நினைத்துப் பார்த்தேன். அதற்குமேல் வாதாட முடியவில்லை. வீட்டு நம்பருக்கு அடிக்காமல் அந்தப் பெண்ணின் சொந்த நம்பருக்கு அடித்து, ஒன்று விடாமல் சொன்னேன். மாப்பிள்ளையின் அண்ணன் அந்த ரூமில் இருப்பதையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

டாக்டர் சும்மா இருக்கவில்லை. சீட்டில் இனி ஓ.பி. நம்பர் மட்டும், பெயர் வேண்டாம் என்றார். யார் சொந்த போனும் அந்த அறைக்குள் வரக் கூடாது; கிளினிக் போன் ஓடவில்லை என்றால் அன்றைக்குப் படமே கிடையாது, பேஷண்ட் இன்னொரு நாள் வரட்டும். கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் போனில் அழிப்பதும் பேஷண்டின் கண் முன்னாலேயே நடக்க வேண்டும். இன்றுவரை அப்படித்தான் செய்கிறோம். அவசரம் என்று யார் சொன்னாலும், டாக்டரே சொன்னாலும், நான் என் போனை எடுப்பதில்லை. நீங்களும் எடுக்காதீர்கள்.

அன்று பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் கிளினிக் கதவு திறந்தது. அந்தப் பெண்தான், தனியாக வந்திருந்தாள். நான் எழுந்து நின்றேன். டாக்டர் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். முகத்திரையை விலக்கி என்னையே பார்த்தாள். அழுத கண், ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

“யாராச்சும் பார்த்திருந்தா இதுக்குள்ள எங்க வீட்டுக்கு போன் வந்திருக்கும்னு நெனைக்கேன். வரல. ஆனா இனிமே எங்க வீட்டுல போன் அடிக்கும்போதெல்லாம் எனக்குப் பக்குன்னு இருக்கும். நீங்க மறைக்காம சொன்னதுனால, அது எதுக்குன்னாவது எனக்குத் தெரியும். அந்தப் பயம் உங்களுக்கும் கொஞ்சம் இருக்கட்டும் லாத்தா. எனக்குப் பொறவு இந்த மேஜையில படுக்குதவளுக்கு அது போதும்.”