பேர் இல்லாத அறிக்கை

எழுபதுகளின் முடிவில், மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக, அதாவது இளைய குமாஸ்தாவாக, வேலை பார்த்தேன். ஆபீசில் ஆங்கிலம் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். பெரிய கிராணிக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. அதனால் தோட்டத்து மானேஜராகப் புதிதாக வந்த துரையின் கடிதங்கள் எல்லாம் என் மேசைக்கே வந்து சேர்ந்தன.

துரை வெள்ளைக்காரர் இல்லை. ஈப்போவில் பிறந்த தமிழர். நம் ஆள் ஒருவர் துரையாக வந்தது எங்கள் தோட்டத்தில் அதுவே முதல் தடவை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் ஜனங்கள் மாலை போட்டார்கள். அவருடைய சாமான்களில் மூன்று பெட்டி புத்தகங்கள் இருந்தன. எல்லாம் தொழில் நிர்வாகம்: தலைமை என்றால் என்ன, புதுமை எங்கே பிறக்கிறது, கீழே இருப்பவன் பேச்சை மேலே இருப்பவன் எப்படிக் கேட்பது. என் தட்டச்சில் பிழை குறைவு என்று மெச்சி ஒரு புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"படிங்க லா. கடைசி வரைக்கும் சின்னக் கிராணியாவே இருக்கப் போறீங்களா?"

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். என் அப்பா அதே தோட்டத்தில் முப்பது வருடம் துரைமார் முன்னால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றவர். ஒரு வேலையின் சூட்சுமம் அதைச் செய்கிறவனுக்குத்தான் தெரியும் என்ற கருத்தை அச்சில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஒரு மரப்பெட்டி மாட்டச் சொன்னார் துரை. தோட்டத்தை மேம்படுத்த யாருக்கு என்ன தோன்றினாலும் எழுதிப் போடலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். முதல் மாதமே பெட்டி நிறைந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை. கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் கொட்டகை ஒழுகுகிறது. மழையில் சரிவு வழுக்குகிறது, படி வெட்டித் தாருங்கள். நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். துரை ஒவ்வொன்றாக ஒதுக்கினார்.

"இதெல்லாம் கம்ப்ளேன். எனக்கு ஐடியா வேணும்."

ஒழுகாத கூரை ஏன் ஐடியா ஆகாது என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான், கையால் கிள்ளுவதை விட்டுவிட்டுக் கத்தரியால் கொழுந்து வெட்டிப் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. வெட்டிய கொழுந்து செடி மேலேயே சிதறிக் கிடக்கும். அதைப் பொறுக்கிக் கூடையில் போடுவதற்குள் கையாலேயே கிள்ளி முடித்துவிடலாம். பெண்கள் எல்லோரும் கத்தரியைத் திட்டினார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா மட்டும் திட்டவில்லை. பழைய எண்ணெய் டின் ஒன்றைப் பிளந்து தட்டுபோல வளைத்து, கத்தரியின் ஓர் அலகில் கம்பியால் கட்டினார். அதன் பின்னால் உரச் சாக்கைப் பையாகத் தைத்துவிட்டார். வெட்ட வெட்டக் கொழுந்து தகரத்தில் விழுந்து பைக்குள் போனது.

அதை நேராக ஆபீஸ் வாசலுக்கே கொண்டுவந்தார்.

"கிராணி ஐயா, இத எழுதியெல்லாம் போட முடியாது. தொரைய வந்து பாக்கச் சொல்லுங்க."

துரை வெளியே வந்தார். ஆபீசுக்கு எதிரே இருந்த செடி வரிசையில் அக்கா வெட்டிக் காட்டினார். துரை சிறுபிள்ளை மாதிரி சிரித்தார். அவர் கையை நீட்டியதும் அக்கா தன் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

"தொர, டின்னு கனமா இருக்கு. மணிக்கட்டு விட்டுப் போவுது. அலுமினியத்துல செஞ்சா பொம்பளைங்களுக்குச் சுலபமா இருக்கும்."

"செஞ்சிடலாம்," என்றார் துரை. அன்றைக்கு அவர் மனதாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மறுவாரம் கோலாலம்பூர் தலைமையகத்துக்கு ஓர் அறிக்கை. துரை நடந்துகொண்டே சொல்ல, நான் தட்டினேன். 'எங்கள் நிர்வாகக் குழு உருவாக்கிய புதிய முறை' என்று ஒரு வரி வந்ததும் என் விரல் நின்றது.

"சார், அந்த அக்கா பேரு?"

"அதான் குழுன்னு போட்டாச்சே. அதுல அவங்களும் அடக்கம் லா. தட்டுங்க."

தட்டினேன். பிழையில்லாமல் தட்டினேன்.

அலுமினியத் தட்டு வந்தது. ஆனால் இரண்டு மடங்கு பெரிதாக வந்தது. பை நிறைந்தால் பெண்களால் தூக்க முடியவில்லை. ஆண்களிடம் கொடுத்தார்கள். ஒரு ஆள் மூன்று பேர் வேலையைச் செய்தான். அடுத்த பருவத்தில் கொழுந்தெடுக்கும் பெண்களில் பாதிப் பேர் வேண்டாம் என்று முடிவானது. அந்தப் பட்டியலைத் தட்டியதும் நான்தான். அக்காவின் பேர் ஓர் ஆங்கிலத் தாளில் ஏறியது அதுதான் முதல் தடவை.

அறிக்கையில் இல்லாத அவர் பேர் லயம் முழுக்க இருந்தது. குழாயடியில் பெண்கள் அவர் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். "இவ தகரம் கட்டப் போயிதான் நம்ம சோத்துல மண்ணு விழுந்துச்சு," என்று அவர் காதுபடச் சொன்னார்கள். அவர் மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தமும் முறிந்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் அந்தப் பட்டியலில் இருந்தார்.

தோட்டத்தை விட்டுப் போகுமுன் அக்கா ஆபீசுக்கு வந்தார்.

"நான்தான் செஞ்சேன்னு மேல எழுதுனீங்களா, ஐயா?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"எழுதலியா? அப்ப நான் செய்யலன்னு லயத்துல வந்து சொல்லுங்க. ரெண்டுல ஒன்னு செய்யுங்க."

நான் இரண்டையும் செய்யவில்லை.

இரண்டு வருடத்தில் துரை தலைமையகத்துக்கு உயர்ந்து போனார். போகும்போது என்னைப் பெரிய கிராணி ஆக்கினார். பிறகு மற்றத் தோட்டத்துத் துரைமார்களுக்குத் தலைமைப் பண்பு பற்றி வகுப்பு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கீழே இருப்பவர்களின் குரலுக்குக் காது கொடுங்கள் என்று சொல்லியிருப்பார். நன்றாகவே சொல்லியிருப்பார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வேலையாகத் தோட்டத்து லோரியில் அதே மலையில் இருக்கும் கம்போங் ராஜா ஊருக்குப் போனபோது, ஒரு காய்கறித் தோட்டத்தில் அக்காவைப் பார்த்தேன். சரிவில் கோசு வெட்டிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் இறங்கிப் போனேன். வாயில் வந்தது வேறு.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

"என்ன கிராணி, இங்கயும் யோசனை கேட்டு வந்தியா?" 'ஐயா' போயிருந்தது. "தோணத்தான் செய்யுது. இந்த மேட்டுக்கு அம்புட்டுக் கோசையும் தலையிலதான் ஏத்துறோம். மேல ஒரு உருளையும் நீளமா ஒரு கயிறும் இருந்தா போதும், கூடை தானா ஏறிடும். ஆனா மொதலாளிகிட்ட வாயத் தொறக்க மாட்டேன். சொன்னா நாலு பேரு வீட்டுக்குப் போவணும்."

கூடையைத் தூக்கித் தலையில் வைக்கக் குனிந்தார். ஒரு கை கொடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார். நான் லோரி நின்ற பக்கம் நடந்தேன்.